24 நாள் குழந்தை: பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு. என்ன செய்வது?

புதுஅம்மா_திண்டுக்கல்

அக்காமார்களுக்கு வணக்கம். எனக்கு முதல் குழந்தை, பையன், இன்றோடு 24 நாள். சுகப்பிரசவம். பிறந்தபோது 2.9 கிலோ, மூன்றாம் நாள் 2.7-க்கு இறங்கி, நேற்று எடை பார்த்தபோது 3.3 இருந்தது. இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன்.

பிரச்சினை ராத்திரிதான். காலையில் பத்து மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பால் கொடுத்துப் போட்டால் மூன்று மணி வரைக்கும் அசையாமல் தூங்குகிறான். எழுப்பினாலும் கண் திறப்பதில்லை. ராத்திரி பதினொன்று ஆனதும் ஆரம்பிக்கிறது. பால் குடிக்கிறான், தோளிலேயே தூங்குகிறான், கீழே போட்ட பத்தாவது நிமிடம் முக்கி முனகி, உடம்பை முறுக்கி, முகம் சிவந்து எழுந்துவிடுகிறான். மறுபடி தூக்கு, மறுபடி பால். நாலு மணி வரைக்கும் இதேதான். தூளியில் போட்டால் மட்டும் ஒரு மணி நேரம் தூங்குகிறான், ஆனால் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அம்மா எனக்குப் பால் பத்தவில்லை என்கிறார், ஒரு வேளை பவுடர் பால் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். அம்மாச்சி ஜாதிக்காயைத் தாய்ப்பாலில் இழைத்து நாக்கில் தடவினால் நன்றாகத் தூங்குவான் என்கிறார். பக்கத்து வீட்டு அத்தை வசம்பு சுட்டுக் கொடு என்கிறார். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

முந்தாநாள் மூன்றரை மணிக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை, விழித்துப் பார்த்தால் அவன் மடியில் சரிந்து முகம் என் சேலை மடிப்புக்குள் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதிலிருந்து எனக்கு உட்காரவே பயமாக இருக்கிறது, கை நடுங்குகிறது. குழந்தைக்கு ஏதாவது கோளாறா? ஜாதிக்காய் கொடுக்கலாமா? ராத்திரி முழுக்கத் தூளியிலேயே விடலாமா? யாராவது சொல்லுங்கள்.

ரெண்டுபொண்ணுஅம்மா_ஈரோடு

தங்கச்சி, முதலில் ஒன்று. நீ எழுதியதில் பாதியை அப்படியே என் பெரியவளுக்கு நான் எழுதியிருப்பேன். உன் பையனுக்குக் கோளாறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு இன்னும் பகல் எது ராத்திரி எது என்று தெரியாது. வயிற்றுக்குள் இருந்தபோது நீ நடமாடினால் அவனுக்குத் தாலாட்டு, நீ படுத்தால்தான் அவன் உதைப்பான், ஞாபகம் இருக்கிறதா? அதே பழக்கத்தோடு வெளியே வந்திருக்கிறான். அந்தக் கணக்கு உடம்புக்குப் பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் விடிய விடியத் தூங்க வைக்க யாராலும் முடியாது, அப்படி முடியும் என்று சொல்கிற வீடியோக்களைப் பார்க்காதே, அழுகைதான் வரும்.

ஆனால் ராத்திரியைக் கொஞ்சம் லேசாக்கலாம். நான் சின்னவளுக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

பகலில் அந்த ஐந்து மணி நேரத் தூக்கத்தை உடைத்துவிடு. குளித்த அசதியில் தூங்கட்டும், இரண்டரை மணி நேரம் ஆனதும் எழுப்பிப் பால் கொடு. எழுந்திருக்க மாட்டான்தான். சுற்றியிருக்கும் துணியை எடுத்து, டயப்பரை மாற்றி, உள்ளங்காலைச் சுண்டிவிடாமல் விரலால் மெல்லத் தேய்த்தால் வாயைத் திறப்பான். ஜன்னலைத் திறந்து வை, மிக்ஸி ஓடட்டும், டிவி ஓடட்டும், பகலில் யாரும் கிசுகிசுவென்று பேச வேண்டாம். பகலில் குடிக்க வேண்டிய பாலைத் தூங்கிக் கழித்தால் ராத்திரி வட்டியோடு வாங்குவான்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் இதற்கு நேர்மாறு. டியூப் லைட் வேண்டாம், ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். கொஞ்சாதே, பேசாதே, செல்போன் வெளிச்சம் முகத்தில் படக் கூடாது. மலம் போயிருந்தால் அல்லது டயப்பர் நிறைந்திருந்தால் மட்டும் மாற்று. மாற்றுவதானால் பால் கொடுக்கும் முன்போ நடுவிலோ மாற்று, குடித்துச் சொக்கிய பிறகு குளிர்ந்த துணியால் துடைத்தால் எந்தக் குழந்தையும் எழுந்துவிடும்.

இன்னொன்று, இதைப் பெரியவளுக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீ சொல்கிறாயே, முக்கி முனகி முறுக்குகிறான் என்று, அப்போது பெரும்பாலும் அவன் தூக்கத்தில்தான் இருப்பான். பச்சைக் குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி அப்படித்தான்: கண் இமைக்குள் உருளும், வாய் கோணும், சிரிக்கும், ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு கத்து கத்தும். நாம் எழுந்துவிட்டான் என்று பாய்ந்து தூக்குவோம், அப்போதுதான் நிஜமாக எழுந்துகொள்ளும். அடுத்த முறை கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம், முடிந்தால் இரண்டு நிமிடம் பார். சின்னவள் பத்துக்கு ஐந்து முறை தானாகவே அடங்கிவிடுவாள். அழுகையாக மாறினால் தூக்கு, அழ விட்டுப் பழக்கும் வயது இது இல்லை.

கீழே போடும்போது தலையை முதலில் வைக்காதே. பிட்டம், முதுகு, கடைசியில் தலை. தலைக்கு அடியில் இருக்கும் கையை உடனே உருவாமல், இன்னொரு கையை நெஞ்சு மேல் லேசாக வைத்து, மனதுக்குள் அறுபது எண்ணிவிட்டு ஒவ்வொரு விரலாக எடு. சிரிப்பாகத் தெரியலாம், ஆனால் எனக்கு ராத்திரி இரண்டு தூக்கல் மிச்சமானது இதில்தான்.

ஜாதிக்காய் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் கொடுக்கவில்லை.

பச்சிளம்வார்டு_நர்ஸ்

அரசு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் 11 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் ட்யூட்டி முடித்து வந்து எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும், முழுவதும் படித்துவிடுங்கள்.

முதலில் பால். மூன்றாம் நாள் 2.7, நேற்று 3.3. மூன்று வாரத்தில் 600 கிராம், நாளைக்கு ஏறக்குறைய 30 கிராம் ஏறியிருக்கிறது. இந்த வயதில் நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினாலே போதும். 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறானா? போகிறான் என்றால் உங்களுக்குப் பால் தாராளமாக இருக்கிறது. இதை அம்மாவிடம் எண்ணோடு சொல்லுங்கள். பவுடர் பால் தேவையில்லை. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிப்பது இந்த வயதுக்கு இயல்பு, அதில் மூன்று நான்கு ராத்திரியில்தான் வரும். ராத்திரிப் பாலில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் இருக்கிறது, குழந்தையின் உடம்பு அதைச் சொந்தமாக ஒரு ஒழுங்கில் சுரக்க இன்னும் சில வாரம் ஆகும். அதனால் ராத்திரிப் பாலைக் குறைத்தால் தூங்குவான் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஜாதிக்காய், வசம்பு இரண்டும் வேண்டாம். ஜாதிக்காயில் உள்ள மிரிஸ்டிசின் மூளையில் வேலை செய்கிற பொருள். அது கொடுத்துக் குழந்தை தூங்கினால் அது மயக்கம், நிம்மதியான தூக்கம் இல்லை. அந்த மயக்கத்தில் பாலுக்கு எழாது, மூச்சுத் திணறினாலும் எழாது. உரசுகிற கல்லில் எத்தனை சுற்று சுற்றினோம் என்பதுதான் அளவு, 3 கிலோ உடம்புக்கு அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று சொல்லித்தான் நம் ஊரில் கொடுக்கிறோம். அதில் இருக்கும் அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். டாக்டர் எழுதித் தரும் சொட்டு மருந்து தவிர தண்ணீர்கூட வேண்டாம். கிரைப் வாட்டர், தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை தொடவே கூடாது. சளி மருந்து கொடுத்தால் தூங்கும் என்று ஒருவர் கொடுத்துவிட்டு வார்டுக்குக் கொண்டுவந்த குழந்தையை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சாம்பிராணிப் புகை அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது, நிறுத்திவிடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பது நல்லதுதான், அதை ராத்திரி ஏழு மணிக்கு மாற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துவிட்டுப் பால் கொடுத்துப் பாருங்கள், பகலில் வரும் அந்த அசதி ராத்திரிக்கு உதவும்.

இப்போது நீங்கள் பயந்த விஷயம். பயந்தது சரிதான். களைப்பில் உட்கார்ந்தபடி, சாய்ந்தபடி, சோபாவில், நாற்காலியில் குழந்தையோடு தூங்கிப் போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. கண் சொக்கும் என்று தோன்றினால் உட்கார்ந்து கொடுக்காதீர்கள். தரையில் கனமில்லாத கெட்டியான மெத்தை போட்டு, தலையணை, போர்வை எல்லாம் எடுத்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்தபடி கொடுங்கள். உங்கள் தலையணை குழந்தை முகத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். படுத்துக் கொடுத்தால் காதில் சீழ் வரும் என்பார்கள், அது புட்டிப்பாலை மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டும்போது வரும் சிக்கல். குடித்து முடித்ததும் பக்கத்திலேயே அவனுக்கென்று இருக்கும் சின்ன மெத்தைக்கு மாற்றிவிடுங்கள். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். குப்புறவும் வேண்டாம், ஒருக்களித்தும் வேண்டாம். இங்கிலாந்தில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய பிரச்சாரம் நடந்தது, அதற்குப் பிறகு தூக்கத்தில் நேரும் திடீர் மரணம் அங்கே பாதிக்கு மேல் குறைந்தது. தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை, கேழ்வரகுத் தலையணை வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஓரத்தில் உருளை மெத்தைகளும் வேண்டாம்.

குளிருமோ என்று தொப்பி, சாக்ஸ், ஸ்வெட்டர் எல்லாம் போட்டு மூடாதீர்கள், திண்டுக்கல் வெயிலில் தேவையே இல்லை. பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வேர்த்திருந்தால் ஒரு துணி அதிகம். மின்விசிறி ஓடலாம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது என்றால்: உடம்புச் சூடு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், உடம்பு சில்லிட்டால், பால் குடிக்க மறுத்தால், எழுப்பவே முடியாமல் துவண்டு கிடந்தால், அசையாமல் இருக்கும்போதே நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்தால், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை வந்தால், வலிப்பு வந்தால். இவற்றுக்கு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நீங்கள் 'எழுப்பினாலும் கண் திறப்பதில்லை' என்று எழுதியது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பால் வாயில் பட்டதும் சப்பிக் குடித்தால் கவலை இல்லை. அப்படியும் சப்பவில்லை என்றால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

புதுஅம்மா_திண்டுக்கல்

மேடம், ரொம்ப நன்றி. வாயில் பட்டதும் சப்பிவிடுவான், கண்தான் திறக்க மாட்டான். சிறுநீர் இன்றைக்கு எண்ணினேன், இந்த நேரம் வரைக்கும் எட்டு. அம்மாவிடம் எடைக் கணக்கைக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, ஆனால் பால் பவுடர் பேச்சை விட்டுவிட்டார். கடுகுத் தலையணையை எடுத்துவிட்டேன். தூளி பற்றி மட்டும் சொல்லவில்லையே?

மதுரைக்காரர்

தூளியையும் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேரும் பாட்டியின் நூல் சேலைத் தூளியில்தான் வளர்ந்தோம், என் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான். தூளியில் தூங்குகிற குழந்தை கட்டிலில் தூங்காது. இத்தனை தலைமுறை வளர்ந்திருக்கிறதே?

பச்சிளம்வார்டு_நர்ஸ்

அண்ணா, தூளியை எனக்கும் பிடிக்கும், என் மகளும் தூளியில் தூங்கியவள்தான். தப்பு என்று சொல்லவில்லை. ஒரு மாதக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தூளி நடுவில் குழிந்து முதுகு வில் மாதிரி வளையும்போது தாடை நெஞ்சில் போய் முட்டும். மூச்சுக்குழாய் அவ்வளவு மெல்லியது, அந்த மடிப்பிலேயே அடைபடும், சத்தமே வராது. உங்கள் பாட்டி தூளியை ஆட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், சேலையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். இந்தத் தங்கச்சி ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக, தூக்கம் சொக்கும் கண்ணோடு இருக்கிறார். இரண்டும் ஒன்று இல்லை.

பகலில், ஒருவர் கண் எதிரில் இருக்கும்போது, துணி முகத்தை மூடாதபடி குச்சி வைத்து விரித்து, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஆட்டலாம். தூங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் போட்டுவிட வேண்டும். ராத்திரி முழுக்கத் தூளி வேண்டாம்.

கோவை_அப்பா

எல்லோரும் குழந்தை தூங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தத் தங்கை தூங்குவதைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறார். அது தூக்கம் இல்லாத உடம்பு.

எங்கள் வீட்டில் முதல் மாதம் இரண்டு பேரும் ராத்திரி முழுக்க விழித்திருந்து, இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருந்தோம். ஐந்தாவது வாரம்தான் ஷிப்ட் போட்டோம். ஒன்பது மணிக்கு மனைவி பால் கொடுத்துவிட்டு உள்ளறையில் போய்க் கதவைச் சாத்திப் படுத்துவிடுவாள். ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை பிள்ளை என் பொறுப்பு. ஏப்பம் எடுக்கத் தோளில் போடுவது, டயப்பர், நடப்பது எல்லாம் நான். நடுவில் பசித்தால் கொண்டுபோய்ப் பக்கத்தில் படுக்க வைப்பேன், குடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்து தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன், அவள் பாதிக் கண்கூடத் திறக்க மாட்டாள். ஒன்றரைக்கு மேல் அவள் பார்த்துக்கொள்வாள், நான் ஏழு மணி வரை தூங்குவேன். குழந்தை முன்பு எழுந்த அதே அளவுதான் எழுந்தது, ஆனால் எங்கள் இருவருக்கும் தொடர்ந்து நாலு மணி நேரம் கிடைத்தது. நாலு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கிய மறுநாள் அவள் முகத்தைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது, அன்றைக்குத்தான் பிரசவத்துக்குப் பிறகு முதல் முறையாகத் தலை பின்னிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் அங்கே இல்லாததால், அந்த முதல் ஷிப்டை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். 'பால் பத்தவில்லை' என்கிறவருக்கு உதவ வேண்டும் என்ற தவிப்புதான், என்ன செய்வதென்று தெரியவில்லை. செய்ய ஒரு வேலை கொடுங்கள். வீட்டுக்காரர் வரும் நாள் ராத்திரி அவருடையது, அதில் பேச்சே வேண்டாம்.

தஞ்சாவூர்_பாட்டி

கண்ணு, எனக்கு 67 வயது, பேத்தி டைப் செய்து தருகிறாள். நானும் என் பிள்ளைகளுக்கு உரைமருந்து கொடுத்தவள்தான். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு எல்லாம் வேகவைத்துக் காயவைத்து டப்பாவில் வைத்திருப்பேன். பேத்தி பிறந்தபோது அந்தக் கல்லை எடுத்துக் கழுவி வைத்தேன், டாக்டரம்மா வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் கையால் வளர்ந்த பிள்ளைகளெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று. அதனால் உன் அம்மாச்சியிடம் 'அதெல்லாம் விஷம்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லாதே. 'டாக்டர் ஆறு மாதம் வரை எதுவும் வேண்டாம் என்றுவிட்டார் அம்மாச்சி, நீங்கள் மடியில் போட்டு ஒரு பாட்டுப் பாடுங்கள், உங்கள் குரலுக்குத்தான் அடங்குகிறான்' என்று சொல். பொய்யும் இல்லை. பாட்டுக்கு அடங்காத பிள்ளை உண்டா? ஒரே பாட்டை, ஒரே ராகத்தில், தினமும் அதே நேரத்தில் பாடச் சொல். வார்த்தை வராவிட்டால் ஆராரோ ஆரிரரோ மட்டும் போதும்.

சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் காரணமே இல்லாமல் வீறிட்டு அழும் நாள் ஒன்று வரும், ஒன்றரை மாதத்தில் அது உச்சத்துக்குப் போகும். கண் பட்டுவிட்டது, தொக்கம் எடு என்பார்கள். தொக்கம் எடுக்கிறேன் என்று வாயில் ஊதவோ வயிற்றை அமுக்கவோ யாரிடமும் கொடுக்காதே. திருஷ்டி வேண்டுமானால் சுற்றிப் போடட்டும், பிள்ளை மேல் எதுவும் படாமல். நீ வாசலில் காற்றாட நின்று தோளில் போட்டுத் தட்டு. மூன்றாம் மாதம் தாண்டினால் அடங்கும்.

பச்சிளம்வார்டு_நர்ஸ்

பாட்டியம்மா சொன்ன விதம் எனக்குப் பிடித்திருக்கிறது, வார்டில் நானும் இனி அப்படித்தான் சொல்லப் போகிறேன்.

தங்கச்சி, இன்னொன்று விட்டுப்போனது. குழந்தை தூங்குகிற நேரத்திலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை, இல்லாமலே போய்விடலாம் போல இருக்கிறது, இப்படி எதுவாவது இருந்தால் அதை அசதி என்று தள்ளிவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வுக்கு மருத்துவம் இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

புதுஅம்மா_திண்டுக்கல்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நேற்று ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்டோம், எடை 3.9. தடுப்பூசிக்குப் பிறகு ராத்திரி சிணுங்கினான், இன்று பரவாயில்லை.

விடிய விடியத் தூங்குகிறானா என்றால் இல்லை. ஆனால் பகலில் எழுப்பிப் பால் கொடுக்க ஆரம்பித்த நாலாவது நாளே மாற்றம் தெரிந்தது. இப்போது ஒன்பதரைக்குத் தூங்கினால் ஒரு மணி வரை ஒரே நீட்டாகத் தூங்குகிறான், அப்புறம் மூன்று, அப்புறம் ஐந்தரை. முனகும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன், முதல் நாள் அந்த இரண்டு நிமிடம் இரண்டு மணி நேரம் மாதிரி இருந்தது. வாயைச் சப்பினான், காலை ஒரு உதை உதைத்தான், அப்படியே தூங்கிவிட்டான். நான் அழுதுவிட்டேன்.

ஒரு மணி வரைக்கும் அம்மா பார்த்துக்கொள்கிறார். கேட்டதும் 'இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா' என்றார். அம்மாச்சியிடம் பாட்டி சொன்ன மாதிரியே சொன்னேன். ஏழரைக்கெல்லாம் கால் நீட்டி உட்கார்ந்து அவனைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார், எனக்குப் பாடிய பாட்டாம், எனக்கு அது ஞாபகம்கூட இல்லை. தூளி பகலில் மட்டும்தான், எதிரில் யாராவது உட்கார்ந்திருந்தால். சாயந்திர அழுகை பாட்டி சொன்ன மாதிரியே வந்துவிட்டது, வாசலில் நின்றுதான் ஓட்டுகிறோம்.

அடுத்த மாதம் திருப்பூர் போகிறோம். அங்கே கொசு அதிகம், வீடு சின்னது, கட்டில் போட இடம் இல்லை, தரையில்தான் படுக்க வேண்டும். குடை மாதிரி விரிக்கிற சின்னக் கொசுவலை போதுமா, இல்லை நாங்கள் எல்லோரும் உள்ளே படுக்கிற மாதிரி பெரிய வலையாகக் கட்டுவதா? குடை வலையை அவன் காலால் உதைத்து முகத்தில் இழுத்துக்கொள்வானோ என்று யோசனையாக இருக்கிறது. வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.